நந்தவனமும் அதன் முதலும்

திருப்பதி யாத்திரை செல்லும் வெளிமாநிலத் தமிழர் பலர், திருமலைக் கோயிற் கல்வெட்டுகளுள் மிகப் பல தமிழிலே அமைந்தவை என்பதைக் கவனிப்பதில்லை. சோலை வளர்க்கப் பொருள் தேடிய வரலாறும் அவற்றுள் உண்டு.

இராமாநுசர் விருப்பப்படி அனந்தாழ்வான் அங்கே நந்தவனம் அமைத்தார் என்பது வைணவ மரபு. அது கைத்தொண்டு. விசயநகரக் காலத்திலோ முறை மாறியது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அன்பர்கள் கோயிற் பண்டாரத்திற் பணம் செலுத்தினர். பண்டாரம் அதனைப் பூட்டி வைக்கவில்லை. திருவிடையாட்டச் சிற்றூர்களில் ஏரியும் காலும் வெட்டிற்று. மிகுந்த விளைச்சலால் நைவேத்தியம் நடந்தது. பிரசாதத்தில் கொடையாளிக்கு உரிய நாலிலொரு பங்குக்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். அதனை நந்தவனம் பேணுவோருக்கே விட்டுக்கொடுத்தவரும் உண்டு. தோட்டக்காரன் சோற்றுக்கு எத்தனை அழகிய ஏற்பாடு!

1950இல் முன்ஷி வனமகோற்சவத்தைத் தொடங்கினார். கன்று நடுவது விழாவாயிற்று. காட்டு நிலத்தை வேறு பணிக்குக் கொள்வோர் செலுத்தும் ஈட்டுத்தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறு மாநிலங்களுக்கு என 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 2020இல் வந்த நகர்வனத் திட்டத்துக்கு அந்நிதியே ஊற்று. சித்தூர், திருப்பதி போன்ற மாநகராட்சி ஊர்களை எண்ணி எழுந்தது அது.

இத்தகைய மானிய விண்ணப்பங்களில் நடுவிழாச் செலவை நான் பார்ப்பதில்லை. தண்ணீர் ஊற்றுபவனுக்கு எத்தனை ஆண்டுக் கூலி எழுதியிருக்கிறது என்றே முதலில் தேடுகிறேன்.