எலும்பு உடையவில்லை, சரி...

எண்பது வயதுப் பாட்டி. லண்டனில் தனிக்குடித்தனம். ராத்திரி பாத்ரூம் போகும்போது வழுக்கி விழுந்துவிட்டார். அவசர சிகிச்சைப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை. 'வீட்டுக்குக் கிளம்பலாம்' என்றார் டாக்டர். கிளம்பினார். மறுவாரம் அதே பாத்ரூம். மறுபடியும் விழுந்தார்.

நான் கற்பனை செய்த பாட்டிதான் இவர். ஆனால், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் 1990களில் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. விழுந்து அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்த, 65 வயதைத் தொட்ட 397 பேர். அதில் 213 பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதி 184 பேருக்குக் கூடுதலாக இரண்டு விஷயங்கள். ஏன் விழுந்தார் என்று டாக்டர் முழுசாகப் பரிசோதிப்பார். அப்புறம், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். ஒரே ஒரு தடவை.

ஊசி, மாத்திரை எதுவும் கிடையாது. நழுவும் கம்பளத்தைச் சுருட்டச் சொல்வது, எப்படி நடமாடினால் ஆபத்தில்லை என்று சொல்லிக் கொடுப்பது, இந்த மாதிரி. கேட்டால் நம் வீட்டுப் பெரியம்மா சொல்கிற சங்கதி போலத்தான் இருக்கும்.

1999ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. ஓராண்டில் முதல் கோஷ்டி விழுந்தது 510 தடவை. இரண்டாவது கோஷ்டி? வெறும் 183! பி.காம். படித்தவனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. தலைக்கு ஏறக்குறைய இரண்டரை தடவை எங்கே, ஒரு தடவை எங்கே?

சரி, யார் இந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள்?

இந்தத் தொழிலுக்கு அமெரிக்காவில் சங்கம் வைத்தவர் டாக்டரே இல்லை. ஜார்ஜ் பார்ட்டன், கட்டடக் கலைஞர். காசநோய் வந்தது. உறைபனியில் இடது கால் கெட்டுப்போய் ஒரு பகுதியை வெட்டினார்கள். அப்புறம் இடது பக்கம் முழுக்க வாதம். மனுஷன் தோட்ட வேலை, தச்சு வேலை என்று செய்து செய்தே தன்னை மீட்டுக்கொண்டார். 1917 மார்ச்சில், நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் இருந்த தன் வீட்டில் சங்கத்தைத் தொடங்கினார். கூடியது ஆறே பேர். அதில் ஒருவர்தான் டாக்டர்! அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப் போரில் குதிக்க, காயம்பட்ட சிப்பாய்கள் இந்தத் தொழிலை வளர்த்துவிட்டார்கள்.

வார்டிலும் பட்டறையிலும் நிதானமாக நடந்த வேலை இது. அவசரப் பிரிவுக்குள் எப்படி நுழைந்தது? பிரிட்டனில் அதற்கு ஒரு காரணம் கடிகாரம். 2004க்குள், அவசரப் பிரிவில் யாரும் நான்கு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று 2000ல் அரசாங்கம் கெடு வைத்தது. பாட்டியை வீட்டுக்கு அனுப்பலாமா, வார்டில் சேர்க்கலாமா? சந்தேகமென்றால் சேர்த்துவிடுவதுதான் டாக்டருக்குச் சுலபம். ஆனால், கட்டில் போய்விடும். பாட்டிக்கும் படுத்துப் படுத்தே காலில் இருந்த தெம்பு போய்விடும்.

அந்த இடத்தில்தான் தெரபிஸ்ட் வருகிறார். கட்டிலிலிருந்து எழுந்திரிக்கச் சொல்கிறார். நடக்கச் சொல்கிறார். கோட்டை மாட்டச் சொல்கிறார். பிறகு விசாரணை: வீட்டில் படி எத்தனை? கக்கூஸ் மாடியிலா, கீழேயா? ராத்திரி துணைக்கு யார் இருக்கிறார்கள்?