ஒளியால் விழிக்கும் மருந்து

மருந்தை உடலில் செலுத்தி, அது கட்டியின் உயிரணுக்களில் தங்கியபின் குறிப்பிட்ட நிற ஒளியைப் பாய்ச்சி அவற்றை அழிக்கும் ஒளியியக்கச் சிகிச்சையின் வரலாறு, 1900-இல் மியூனிக் நகரில், ஹெர்மன் ஃபான் டாப்பைனரின் மாணவர் ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரிகள் இருளில் பிழைப்பதையும் வெளிச்சத்தில் மடிவதையும் அறிவித்ததில் தொடங்குகிறது. சாயம் ஒளியின் ஆற்றலை வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுக்க, கிளர்வுற்ற அந்த ஆக்சிஜனே உயிரணுவைச் சிதைக்கிறது.

மருத்துவர் ஃபிரெட்ரிக் மேயர்-பெட்ஸ், 1913-இல் வெளியிட்ட தம் ஆய்வுக்காக, ஒளியால் விழிக்கும் இத்தகைய பொருளான ஹெமட்டோபோர்ஃபிரினை 200 மில்லிகிராம் அளவில் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, வெயில் பட்ட முகமும் கைகளும் வீங்கிப்போக, மருந்தின் வலிமையோடு அதன் பக்கவிளைவையும் தம் உடலிலேயே காட்டினார். அந்தத் துணிவு போற்றத்தக்கது. 1970-களில் அமெரிக்காவின் பஃபலோவில் தாமஸ் டோகர்ட்டி ஒளியால் உயிரணுக்களை அழிக்கும் இவ்வழியை முறையான புற்றுநோய்ச் சிகிச்சையாக வளர்த்தார்.

ஆனால் எலும்பில் உள்ள புற்று இச்சிகிச்சைக்கு எளிதில் வசப்படவில்லை. ஏனெனில் சிவப்பொளிகூடத் திசுவுக்குள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழம்வரையே பயன்தரும். ஜப்பானின் மியே பல்கலைக்கழகத்தில் கட்சுயுகி குசுசாகி குழுவினர், எலும்பிலும் தசையிலும் தோன்றும் சார்கோமாக் கட்டிகளை அகற்றியபின், அவ்விடத்தில் அக்ரிடின் ஆரஞ்சு சாயத்தை இட்டு ஒளி பாய்ச்சினர். நோயாளியின் கை, கால்களின் இயக்கத்தைக் காக்க முனைந்ததே இம்முயற்சியின் சிறப்பு. டொராண்டோ ஆய்வாளர்களோ, முதுகெலும்புக்குப் பரவிய புற்றுக்கு, முள்ளெலும்பினுள் ஊசித்துளை வழியே ஒளியிழையைச் செலுத்தி, உள்ளிருந்தே ஒளியூட்டும் வழியைத் தேர்ந்தனர்.