பறப்புப் பாவனையாக்கிகளில் போர் வானூர்தி நிறங்கள்

பறப்புப் பாவனையாக்கிகளில் போர் வானூர்தி நிறங்கள் என்பது, ஃபிளைட் சிமுலேட்டர் எனப் பரவலாக அறியப்படும் கணினி மென்பொருள்களில், பழைய போர் வானூர்திகளின் பூச்சு நிறங்களையும் நாட்டுச் சின்னங்களையும் வரலாற்றுக்கு ஒத்த வகையில் மீட்டுருவாக்கும் பணியைக் குறிக்கும். முப்பரிமாண உருவின் மீது போர்த்தப்படும் படம் ஸ்கின் என்று அழைக்கப்படுகிறது. இவற்றுள் பெரும்பகுதியை ஆர்வலர்களே ஊதியமின்றி வரைகின்றனர். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் பறந்த வானூர்திகள் இத்துறையில் அடிக்கடி தவறாகக் காட்டப்படுபவை ஆகும். ஐரோப்பியப் போர்முனைக்கு வரையப்பட்ட ஸ்கின்னையே எடுத்து, படைப்பிரிவு எழுத்துகளை மட்டும் மாற்றிவிடுவது இதற்கு முதன்மைக் காரணம்.

சிவப்பு நீக்கம்

பிரித்தானிய அரச வான்படையின் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு நிறம் இருந்தது. சப்பானிய வானூர்திகளின் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். விரைந்து செல்லும் ஊர்தியில் ஒரு நொடி மட்டும் தெரியும் சிவப்பைப் பார்த்துச் சொந்தப் படையினரே சுடும் இடர் இருந்தமையால், கிழக்குப் போர்முனையில் சிவப்பு கைவிடப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவும் தன் விண்மீன் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை 1942 மே மாதத்தில் நீக்கியது. இந்தியாவிலிருந்த ஊர்திகளில் முதலில் சிவப்பின் மேல் வெள்ளை பூசப்பட்டது. 1943 இல் தென்கிழக்காசியக் கட்டளை அமைக்கப்பட்ட காலத்தையொட்டி, கருநீல வட்டத்தினுள் வெளிர்நீல நடுப்பகுதி கொண்ட சிறிய சின்னம் வழக்கிற்கு வந்தது. 1945 தொடக்கத்தில் ஒற்றைப்பொறிச் சண்டை வானூர்திகளின் இறக்கைகளிலும் வாலிலும் வெள்ளைப் பட்டைகள் சேர்க்கப்பட்டன. பூச்சற்ற உலோக நிற ஊர்திகளில் இப்பட்டைகள் கருமையாக இருந்தன.

ஆகவே 1944 இல் இம்பால் போரில் அர்சன் சிங் தலைமையில் ஹரிக்கேன் ஊர்திகளைச் செலுத்திய இந்திய வான்படையின் 1 ஆவது படைப்பிரிவைச் சிவப்பு நடுவட்டத்துடன் காட்டுவது சிறு பிழை அன்று. வானோட்டிகளின் உயிரைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட மாற்றத்தை அது மறைத்துவிடுகிறது.

தரஎண்களும் அவற்றின் எல்லையும்

ஹரிக்கேன் ஊர்திகளின் மேற்புறத்தில் டார்க் கிரீன், டார்க் எர்த் என்னும் இரு நிறங்களும், அடிப்புறத்தில் பொதுவாக மீடியம் சீ கிரே என்னும் சாம்பலும் பூசப்பட்டன. பிரித்தானியத் தரமான பிஎஸ் 381சி இல் இவற்றுக்கு முறையே 641, 450, 637 ஆகிய எண்கள் உள்ளன. பின்னர் வந்த ஸ்பிட்ஃபயர்களுள் பல சாம்பலும் பச்சையும் கலந்த உருமறைப்புடன் காணப்பட்டன. எனவே ஒரு படைப்பிரிவுக்குப் பொருந்துவது மற்றொன்றுக்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. பலர் மேற்கோள் காட்டும் அமெரிக்க எஃப்எஸ் 595 அட்டவணை 1956 இல் வெளிவந்தது. போர்க்காலப் பூச்சுக்கு அதில் காட்டப்படும் எண்கள் யாவும் பின்னாளில் பொருத்திப் பார்த்த ஒப்புமைகளே.

வெளிர்நீல நடுவட்டம் இன்னும் சிக்கலானது. அது வெள்ளையையும் நீலத்தையும் கலந்து பெறப்பட்டது. கலப்பவர் கைக்கேற்ப அது வேறுபடும். இரண்டு ஊர்திகளில் இந்நீலம் சற்றே வேறுபட்டிருக்குமாறு வரைவதே நேர்மையான வழி எனலாம்.

ஒளிப்படச் சான்றுகள்

அக்காலப் படங்களுள் பெரும்பாலானவை கருப்பு வெள்ளை. ஆர்த்தோகுரோமேட்டிக் எனப்படும் படச்சுருள் சிவப்பொளியை உணராது. அதில் சிவப்பு ஏறத்தாழக் கருப்பாகவும், மஞ்சள் இருண்டும், நீலம் வெளிறியும் பதியும். பான்குரோமேட்டிக் சுருளில் இந்நிலை மாறும். படச்சுருளின் வகையை அறியாமல் சாம்பலின் அடர்த்தியை மட்டும் அளந்து நிறத்தை முடிவு செய்வது வீண்முயற்சி. படங்கள் உறுதியாகத் தருவது நிற எல்லைகளின் வடிவம், சின்னத்தின் அளவு, பூச்சு உரிந்த இடங்கள் ஆகியவற்றையே. அருங்காட்சியக ஊர்திகளும் முழுச் சான்றாகா. புது தில்லி பாலம் வான்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிக்கேன் உள்ளது. ஆனால் காட்சிக்கு நிற்கும் எந்தப் பழைய ஊர்தியும் பலமுறை மறுபூச்சுப் பெற்றிருக்கக்கூடும்.

திரையில் நிறம்

நிற அட்டையை அளந்து, கணினித் திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி முறையில் எண்களாக மாற்றி, அதே எண்களை ஸ்கின்னில் இட்டால் பணி முடிந்தது எனப் பலர் கருதுகின்றனர். அவ்வாறு முடிவதில்லை. 2001 இல் வெளிவந்த ஐஎல்-2 ஸ்டர்மோவிக் விளையாட்டின் ஸ்கின்கள் 256 நிறங்களுக்குள் அடங்க வேண்டியிருந்தது. எனவே நிழல், அழுக்கு, உலோகத் தகடுகளின் இணைப்புக் கோடுகள் அனைத்தையும் ஓவியரே படத்தில் தீட்டினார். இன்றைய மென்பொருள்களோ வெயில், வான ஒளி, மேற்பரப்பின் சொரசொரப்பு ஆகியவற்றைத் தாமே கணக்கிடுகின்றன. பழைய முறையில் தீட்டிய படத்தை அவற்றில் இட்டால் நிழல் இருமுறை விழுந்து ஊர்தி கருத்துப்போகும்.

இதே இரட்டிப்பு எதிர்த்திசையிலும் நிகழும். நெகிழி மாதிரி வானூர்தி செய்வோர், சிறிய உருவைத் தொலைவிலுள்ள பெரிய ஊர்தியாகக் காட்டுவதற்குப் பூச்சில் சிறிது வெள்ளை கலப்பர். தொலைவில் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் நிறம் வெளிறித் தெரியும் என்பதே இதன் அடிப்படை. மேசைமேல் வைக்கும் மாதிரிக்கு இது தகும். பாவனையாக்கியில் காற்றின் மங்கலை மென்பொருளே சேர்க்கிறது. எனவே அவ்வழக்கத்தை இங்கும் கொண்டுவந்தால் ஊர்தி சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும்.

வெயிலில் மங்குதல் என்பது வேறு. திறந்தவெளி ஓடுபாதைகளில் வெயிலிலும் பருவமழையிலும் நின்ற ஊர்திகளின் பூச்சு உண்மையாகவே நிறம் மாறியது. இது பூச்சின் மாற்றமாதலால் ஸ்கின்னில்தான் இடம்பெற வேண்டும். மேற்பரப்புகள் மிகுதியாகவும் நிழலிலிருக்கும் அடிப்புறம் குறைவாகவும் மங்கும். ஊர்தி முழுவதையும் ஒரே அளவில் வெளிறச் செய்வது பொருந்தாது.

நிலத்தின் நிறம்

உருமறைப்பு நிலத்தோடு ஒப்பிட்டே பொருள் பெறும். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு விமான ஓடுபாதை அமைக்கப்பட்டது. கயத்தாறு, கோவில்பட்டி, குளத்தூர் வட்டாரங்களை உள்ளடக்கிய இப்பகுதி கரிசல் பூமியாகும். உழுத கரிசல் கருமையாகவும், கோடையில் வெடித்துக் காய்ந்தபின் சாம்பல் படர்ந்தும் காணப்படும். டார்க் எர்த் நிறமோ இங்கிலாந்தின் உழுநிலத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட பழுப்பு. பாவனையாக்கி தென்தமிழகத்திற்கும் பொதுவான பழுப்பு நிலப்படத்தையே விரித்தால், கரிசல் மீது எடுப்பாகத் தெரியக்கூடிய ஊர்தி அதில் நன்றாக ஒளிந்துகொள்ளும். பயனர், ஸ்கின் சரியில்லை என்று எண்ணிப் பழுப்பைத் திருத்த முற்படுவார்; திருத்த வேண்டியது நிலப்படத்தை. அண்மைக்காலச் செயற்கைக்கோள் படங்களை இட்டாலும் இடர் உண்டு. கயத்தாற்றுச் சுற்றுப்புறத்தின் காற்றாலைகள் 1940களின் வானில் இருந்தவை அல்ல.

விடுதலைக்குப் பிந்தைய ஊர்திகள்

1950 முதல் இந்திய வான்படையின் வட்டச் சின்னம் வெளியே காவி, இடையே வெள்ளை, நடுவே பச்சை என அமைந்தது. ஸ்கின்களில் காவி பெரும்பாலும் சிவப்பை நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. தேசியக் கொடிக்கான இந்தியத் தரத்தில் நிறங்கள் அளவிட்டு வரையறுக்கப்பட்டுள்ளன. எனினும் அவை துணிக்குரியவை என்பதால் வானூர்திப் பூச்சுக்கு வழிகாட்டியாக மட்டுமே கொள்ளலாம். 1965 போரில் நாட் ஊர்திகள் வெள்ளி நிறத்தில் பறந்தன. 1971 போரின்போது பல மிக்-21 ஊர்திகளுக்குத் தளங்களிலேயே தூரிகையால் உருமறைப்புப் பூசப்பட்டது. அவற்றுள் ஒன்றின் கோலம் மற்றொன்றில் அப்படியே இராது. ஆதலால் மிக்-21 வரைவோர் படைப்பிரிவுக்கு ஒரு ஸ்கின் என்றில்லாமல், ஒளிப்படம் கிடைக்கும் தனித்தனி ஊர்தியை அதன் வால் எண்ணுடன் வரைய வேண்டியுள்ளது.