‘கன்சல்டேஷன்’, ‘கன்கரன்ஸ்’: இரு சொற்களின் நெடுவழக்கு

1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபை, உச்ச நீதிமன்றம் பற்றிய வரைவுப் பிரிவை விவாதத்திற்கு எடுத்துக்கொண்டது. அந்நாளில் அதன் எண் 103, இன்று 124. நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். அதற்குமுன் தாம் தேவையெனக் கருதும் நீதிபதிகளின் கருத்தைக் கேட்பார். தலைமை நீதிபதி அல்லாத பிறரை நியமிக்கையில் இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்து எப்போதும் கேட்கப்பட வேண்டும் என்றது வரைவு. இதற்கு ஆளப்பட்ட ஆங்கிலச் சொல் ‘கன்சல்டேஷன்’. சென்னை மாகாணத்திலிருந்து சபைக்கு வந்திருந்த இரு உறுப்பினர்கள், பி. போக்கர் சாகிபும் மகபூப் அலி பெய்க்கும், இச்சொல் போதாது என்றனர். தலைமை நீதிபதியின் ‘கன்கரன்ஸ்’ இருந்தால்தான் நியமனம் செல்லும் என்று திருத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

முன்னதைக் கலந்தாலோசனை என்றும் பின்னதை இசைவு என்றும் தமிழில் சொல்லலாம். முதற்சொல்லின் இலத்தீன் வேர் அறிவுரை நாடுவதைக் குறிப்பது. இரண்டாவதன் வேர் உடன் ஓடுவதைக் குறிப்பது. ஒருவரிடம் ஆலோசனை கேட்டுவிட்டு வேறு வழியில் போகலாம். அவருடைய இசைவு வேண்டுமென்றால் அவர் வராத வழியில் போக முடியாது. தமிழில் ‘கேள்’ என்னும் ஒரே வினை இவ்விரண்டையும் தாங்குவது கவனிக்கத்தக்கது. ‘பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்’ என்றால் வினவுதல். ‘பெரியவர் சொன்னால் கேள்’ என்றால் பணிதல். ஆங்கிலம் இரண்டு சொற்களாகப் பிரித்துவைத்ததை இந்திய நீதிமன்றங்கள் ஒன்றாக்கிய கதையே இங்குச் சொல்லப்படுவது.

அன்றைய விவாதத்தின் முடிவில் மறுமொழி கூறிய அம்பேத்கர் திருத்தங்களை ஏற்கவில்லை. பிரிட்டனில் நியமன அதிகாரம் முழுவதும் அரசிடம் இருப்பதையும், அமெரிக்காவில் செனட்டின் இசைவு தேவைப்படுவதையும் எடுத்துக்காட்டி, இந்தியாவுக்கு நடுவழி ஒன்றே பொருந்தும் என்றார். தலைமை நீதிபதி எத்துணைச் சிறந்தவராயினும் மனிதரே. எல்லா மனிதருக்கும் உள்ள குறைகளும் சாய்வுகளும் அவருக்கும் உண்டு. குடியரசுத் தலைவருக்கோ அரசுக்கோ தர விரும்பாத தடையதிகாரத்தை அவர் ஒருவரிடம் ஒப்படைப்பது ஆபத்தானது என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தங்கள் தோற்றன. ‘கன்சல்டேஷன்’ நிலைத்தது.

சபை இவ்வேறுபாட்டை அறியாமல் முடிவெடுத்தது என்று சொல்ல இடமில்லை. 1948 மார்ச்சில் கூடிய கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதிகளும் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளும், உயர் நீதிமன்ற நியமனங்களுக்கு இந்தியத் தலைமை நீதிபதியின் இசைவு வேண்டும் என்று எழுத்து மூலம் பரிந்துரைத்திருந்தனர். அதைவிட வலுவான சான்று அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த என். கோபாலசாமி ஐயங்கார் 1949 அக்டோபர் 17 அன்று முன்மொழிந்து, பின்னர் 370ஆம் பிரிவாக அமைந்து 2019 வரை நடைமுறையில் இருந்த பகுதியில் இரு சொற்களும் அடுத்தடுத்து வந்தன. காஷ்மீரின் இணைப்பு ஆவணத்தில் அடங்கிய பொருள்களுக்கு மாநில அரசுடன் ‘கன்சல்டேஷன்’ போதுமானதாக இருந்தது. அதில் அடங்காத பொருள்களுக்கு அதன் ‘கன்கரன்ஸ்’ வேண்டியிருந்தது. ஒரே சட்டம், ஒரே உட்பிரிவு. இரண்டும் ஒன்றே என்று கொண்டால் அந்த உட்பிரிவுக்குப் பொருளே இல்லாமற்போகும்.

அம்பேத்கரின் ஐயம் வெறும் கற்பனையன்று என்பதற்கு அடுத்த சில மாதங்களிலேயே ஒரு நிகழ்ச்சி வாய்த்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பஷீர் அகமது சயீது நிலையான நீதிபதியாக நியமிக்கப்படுவதை, இந்தியத் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்கவிருந்த எச். ஜே. கனியா விரும்பவில்லை. இதனால் சினமுற்ற நேரு 1950 சனவரியில் படேலுக்கு எழுதினார். கனியா பதவியேற்பதும் நின்றுவிடவில்லை. பஷீர் அகமதின் நியமனமும் நின்றுவிடவில்லை. இசைவு என்ற சொல் சட்டத்தில் இருந்திருந்தால் இரண்டாவது நடந்திராது.

அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு இச்சொல் பெரிய வழக்கு எதற்கும் காரணமாகவில்லை. அரசு பெரும்பாலும் தலைமை நீதிபதியின் சொல்லை மதித்தது. சொல்லின் பொருளை எவரும் துருவவில்லை. 1973இல் கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த மறுநாளே, மூத்த நீதிபதிகள் மூவரை விலக்கி ஏ. என். ராய் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். நெருக்கடிநிலையின்போது, 1976இல், உயர் நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் அவர்கள் விருப்பத்தைக் கேளாமலே மாற்றப்பட்டனர். மாற்றத்துக்குரிய 222ஆம் பிரிவிலும் அதே சொல்தான்: தலைமை நீதிபதியுடன் ‘கன்சல்டேஷன்’.

குஜராத்திலிருந்து ஆந்திரத்துக்கு மாற்றப்பட்ட நீதிபதி சங்கல்சந்த் சேத் ஆணைக்குப் பணிந்து புதிய இடத்தில் பொறுப்பேற்றார். ஆயினும் அதை எதிர்த்து வழக்கும் தொடுத்தார். 1977 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. சுப்பாராவ் 1953இல் எழுதிய ஒரு தீர்ப்பைத் துணைக்கொண்டது. கலந்தாலோசனை என்பது, சரியான அல்லது ஏற்கத்தக்க ஒரு முடிவைக் காண இருவரோ பலரோ மனம் ஒன்றிச் சிந்திப்பது என்ற விளக்கம் அது. ஆகவே பெயருக்கு ஒரு கடிதம் அனுப்பிக் கருத்துக் கேட்பது கலந்தாலோசனை ஆகாது. உண்மைகள் அனைத்தும் தலைமை நீதிபதி முன் வைக்கப்பட வேண்டும். ஆனால் அவர் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது என்றும் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சொல்லுக்குரிய மதிப்பையும் கொடுத்து, அதன் எல்லையையும் காத்த தீர்ப்பு என்று இதைச் சொல்லலாம். இவ்வழக்கு வரிசையில் மொழிக்கு மிக நேர்மையாக நடந்துகொண்டதும் இதுவே.

1981இல் சிக்கல் வேறு வடிவெடுத்தது. தில்லி உயர் நீதிமன்றக் கூடுதல் நீதிபதி எஸ். என். குமாரின் பதவியை நீட்டிக்க வேண்டாம் என்றார் அந்நீதிமன்றத் தலைமை நீதிபதி. நீட்டிக்கலாம் என்றார் இந்தியத் தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட். கருத்துக் கேட்கப்பட வேண்டிய இருவர் முரண்பட்டால் யார் சொல்லை எடுப்பது? அரசு முன்னவர் சொல்லை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பாட்னா தலைமை நீதிபதி கே. பி. என். சிங் சென்னைக்கும், சென்னைத் தலைமை நீதிபதி மு. மு. இஸ்மாயில் கேரளத்துக்கும் மாற்றப்பட்டனர். கம்பனில் தோய்ந்த தமிழறிஞராக நாடறிந்த இஸ்மாயில் கேரளம் செல்லவில்லை; பதவியைத் துறந்தார். சொற்பொருளைத் துல்லியமாக ஆய்ந்து பழகிய ஒருவரின் நீதித்துறை வாழ்வு, ஓர் ஆங்கிலச் சொல்லின் எல்லை எதுவென்று முடிவாகாத காலத்தில் இவ்வாறு முடிந்தது.

எஸ். பி. குப்தா வழக்கு என்று வழங்கும் இவற்றின் தொகுப்பில் 1981 டிசம்பர் 30 அன்று ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். கலந்தாலோசனை இசைவன்று, இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்துக்குத் தனி முதன்மை இல்லை, இறுதி முடிவு அரசுடையது என்றது பெரும்பான்மை. 1949ஆம் ஆண்டு விவாதத்தோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. ஆனால் நெருக்கடிநிலையின் வடு ஆறாத ஒரு நாட்டில் சொற்பொருளின் துல்லியம் எவருக்கும் ஆறுதல் தரவில்லை. அதே தீர்ப்பில் நீதிபதி பகவதி, பரிந்துரை செய்ய ஒரு குழு வேண்டும் என்று கூறி, அதற்கு ‘கொலீஜியம்’ என்ற சொல்லை ஆண்டார். பின்னாளில் அச்சொல் அவர் கருதாத பொருளில் நிலைபெற்றது.

1993 அக்டோபர் 6 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு குப்தா தீர்ப்பை மாற்றியது. அமர்வின் மூத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த எஸ். ரத்தினவேல் பாண்டியன். பிற்பட்டோரும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சிறுபான்மையினரும் பெண்களும் நீதிமன்றப் பதவிகளில் இடம்பெற வேண்டியதை அவர் தம் தனித்தீர்ப்பில் வலியுறுத்தினார். அந்தப் பக்கங்கள் இன்று அதிகம் மேற்கோள் காட்டப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது. ஐவருக்காக எழுதிய ஜே. எஸ். வர்மாவின் தீர்ப்பே வழிகாட்டியாயிற்று. தலைமை நீதிபதியின் கருத்துக்கு முரணாக எவரையும் நியமிக்கக் கூடாது. அரசு தக்க காரணம் காட்டி மறுக்கலாம். ஆனால் பரிந்துரை ஒருமனதாக மீண்டும் வலியுறுத்தப்பட்டால் நியமித்தே ஆக வேண்டும் என்றார் வர்மா. தனியொருவருக்குத் தடையதிகாரம் தரலாகாது என்ற அம்பேத்கரின் மறுப்புக்கும் அவரிடம் விடை இருந்தது: கருத்து தலைமை நீதிபதியின் தனிக்கருத்தாக இல்லாமல் மூத்த நீதிபதிகள் இருவரோடு கூடி உருவானதாக இருக்க வேண்டும். 1983 சனவரி முதல் 1993 ஏப்ரல் வரை நடந்த 547 நியமனங்களில் ஏழு மட்டுமே தலைமை நீதிபதியின் கருத்துக்கு மாறானவை என்ற கணக்கும் அவ்வழக்கில் வைக்கப்பட்டது.

இக்கணக்கை இருவகையாகவும் படிக்கலாம். நடைமுறையில் இசைவே இருந்துவந்தது, தீர்ப்பு அதற்குப் பெயர் சூட்டியது என்று கொள்ளலாம். அல்லது, ‘கன்சல்டேஷன்’ என்ற சொல் தன் இயல்பான பொருளிலேயே நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, அதை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை என்றும் கொள்ளலாம். மாறுபட்ட நீதிபதிகள் இருவர், அகமதியும் புஞ்சியும். சபை வேண்டாமென்று ஒதுக்கிய சொல்லை நீதிமன்றம் பொருள்கோளின் வழியே உள்ளே கொண்டுவர இயலாது என்ற நிலைப்பாட்டுக்கு மொழியின் துணையும் வரலாற்றின் துணையும் உண்டு. பெரும்பான்மைக்குத் துணைநின்றது 1976இன் நினைவு. அந்நினைவு பொய்யன்று, ஆயினும் அது அகராதியை மாற்றுவதற்குப் போதிய காரணமா என்பது வேறு வினா. தம் தீர்ப்பு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று வர்மாவே பின்னாளில் கூறினார்.

1998இல் புஞ்சியே தலைமை நீதிபதியாக இருந்தபோது அவருடைய பரிந்துரைகள் சிலவற்றை ஏற்க அரசு தயங்கியது. ஐந்தாண்டுகளுக்கு முன் எந்த முதன்மையை ஏற்க மறுத்தாரோ அதே முதன்மை இப்போது அவர் கையில் இருந்தது. குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் வழியாக ஒன்பது வினாக்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. அக்டோபர் 28 அன்று விடை வந்தபோது புஞ்சி ஓய்வுபெற்றிருந்தார். உச்ச நீதிமன்ற நியமனங்களுக்குத் தலைமை நீதிபதியோடு மூத்தவர் நால்வர் சேர வேண்டும். தலைமை நீதிபதியின் தனிக்கருத்து சட்டம் கூறும் ‘கன்சல்டேஷன்’ ஆகாது என்றது அவ்விடை. குடியரசுத் தலைவர் யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்ல வந்த சொல், தலைமை நீதிபதி யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லத் தொடங்கியது.

நாடாளுமன்றம் 2014இல் அச்சொல்லையே அகற்ற முனைந்தது. 99ஆம் திருத்தம் 124ஆம் பிரிவிலிருந்து கலந்தாலோசனையை நீக்கி, தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தின் பரிந்துரை என்று எழுதியது. 2015 ஏப்ரல் 13 அன்று நடைமுறைக்கு வந்த அத்திருத்தத்தை, அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் செல்லாதென்றது. மாறுபட்டவர் நீதிபதி செலமேஸ்வர். பழைய வாசகம் மீண்டும் உயிர்பெற்றது. எனினும் மைய அரசின் சட்டத்துறை வெளியிடும் அரசமைப்புப் பதிப்பில் 124ஆம் பிரிவைத் திறந்தால், ஆணையத்தின் பெயரே வாசகத்துக்குள் அடைப்புக்குறியில் நிற்கிறது. அது செல்லாதென்று ஆனதை அடிக்குறிப்பு சொல்கிறது. 1949 மே 24 அன்று சபை ஏற்றுக்கொண்ட ‘கன்சல்டேஷன்’ நடைமுறையில் இருக்கும் சட்டம். அச்சில் அதைப் பக்கத்தின் அடியில்தான் தேட வேண்டியிருக்கிறது.