றிச்மனின் கம்பியிலிருந்து கணினி வலையமைப்பு வரை

1753ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 6ஆம் திகதி ரஷ்யாவின் சென். பீற்றர்ஸ்பேர்க் நகரில் இடிமுழக்கம் கேட்டதும், பேராசிரியர் ஜோர்ஜ் வில்ஹெல்ம் றிச்மன் விஞ்ஞானக் கழகக் கூட்டத்திலிருந்து எழுந்து வீட்டுக்கு விரைந்தார். அவர் கூரையில் நிறுத்தியிருந்த இரும்புக் கோலிலிருந்து ஒரு கம்பி அறைக்குள் இறங்கியது. முகில்களின் மின்னேற்றத்தை அளப்பதே அவரது நோக்கமாகையால், அந்தக் கம்பி நிலத்தோடு தொடர்பின்றி விடப்பட்டிருந்தது. கருவியை அவர் நெருங்கியபோது மின்னல் அவரது நெற்றியைத் தாக்கியது. அவ்விடத்திலேயே உயிர் பிரிந்தது. உடனிருந்த செதுக்கோவியர் சொக்கலோவ் தரையில் வீழ்த்தப்பட்டு, உயிர் பிழைத்தார்.

மின் நிலத்தை நாடும். அதற்குப் பாதை அமைக்கப்படாத இடத்தில் மனித உடலே பாதையாகிவிடும். கணினி வலையமைப்பைப் பொருத்துவோர் இன்றும் கைக்கொள்ளும் புவித்தொடுப்பு விதிகளின் அடிப்படை இதுவே. ஆனால் நிலமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதை உணர மேலும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

1838இல் மியூனிக் நகரில் ஸ்டைன்ஹைல், தந்திக்கு இரண்டாவது கம்பி தேவையில்லை, திரும்பு பாதையாக நிலமே போதும் எனக் கண்டார். செலவு பாதியாயிற்று. அதன் மறுபக்கம் 1859 செப்ரெம்பரில் வெளிப்பட்டது. (கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி தொடங்கிய மறு ஆண்டு அது.) சூரியனில் எழுந்த பெரும் கொந்தளிப்பினால் பூமியின் காந்தப்புலம் குழம்ப, தூரத்தூர ஊர்களின் நிலங்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றியது. அவற்றை இணைத்த தந்திக் கம்பிகளில் மின் தானாகவே ஓடியது. பொஸ்டன், போர்ட்லண்ட் நகரங்களின் தந்தியாளர்கள் பற்றரிகளைக் கழற்றிவிட்டு, அந்த மின்னோட்டத்தைக் கொண்டே சுமார் இரண்டு மணிநேரம் உரையாடினர். இதை வியப்போடு எழுதுவோர் பலர். வாஷிங்டனில் பணியிலிருந்த தந்தியாளரின் நெற்றி புவிக்கம்பியை நெருங்கியதும் பொறி பறந்து அவர் நிலைகுலைந்ததை எழுதுவோர் சிலரே. றிச்மனுக்கும் நெற்றிதான். இவர் தப்பினார்.

1973இல் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வகத்தில் உருவான ஈதர்நெற் இதே சிக்கலைக் கட்டடங்களுக்குள் கொண்டுவந்தது. அதன் தடித்த செப்பு வடம் ஒரே தொடராக 500 மீற்றர் வரை செல்லக்கூடியது. இரு கட்டடங்களின் புவித்தொடுப்புகளை அது இணைத்துவிட்டால், அவற்றின் மின்னழுத்த வேறுபாடு வடத்தின் வெளிக்கவசத்தில் ஓடும். ஒரு கையால் வட இணைப்பியையும் மறு கையால் இரும்பு அலுமாரியையும் பிடிக்கும் ஊழியர் அந்த 1859ஆம் ஆண்டுத் தந்தியாளரின் நிலைக்கு வந்துவிடுவார். எனவேதான் கவசத்தை ஓரிடத்தில் மட்டுமே புவித்தொடுப்புச் செய்யுமாறு விதி வந்தது. 1990இல் தரப்படுத்தப்பட்ட முறுக்குக் கம்பி முறையில், ஒவ்வொரு துறைக்கும் 1500 வோல்ற்று தாங்கும் சிறு மின்மாற்றி வைக்கப்பட்டது. மின்னலோ அதற்கும் அடங்காது. கட்டடங்களுக்கிடையே ஒளியிழை வடம் போடுவதன் முக்கிய காரணங்களுள் ஒன்று, கண்ணாடி மின்னைக் கடத்தாது என்பதாகும்.

நமது அலுவலகங்களில் இதைவிடச் சாதாரணமான ஆபத்து மேசைக்கடியில் கிடக்கிறது. மூன்று துளைகளில் பெரியதைப் பேனா மூடியால் குத்தித் திறந்து, இரு முனைச் செருகியைத் திணிக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். கணினிப் பெட்டியைத் தொட்டால் சுரீரென்கிறது என்பார்கள். புவிக்கம்பி அறுந்திருந்தால், மின்வழங்கியின் வடிகட்டி வழியாக உலோகப் பெட்டியில் ஏறக்குறைய 115 வோல்ற்று தங்கிநிற்கும். ஓடும் மின் மிகச் சொற்பமானது. ஆயினும் உள்ளே காவலி பழுதடைந்தால் உயிரைக் காக்க வேண்டிய கம்பி அங்கே இல்லை என்பதை அந்தச் சுரீர் அறிவிக்கிறது.

நிலைமின் இதற்கு நேர்மாறானது. அது மனிதரைக் கொல்வதில்லை, சில்லுகளைக் கொல்கிறது. சுமார் 3000 வோல்ற்றுக்குக் குறைந்த நிலைமின்னை நம் விரல் உணர்வதேயில்லை. சில சில்லுகள் 100 வோல்ற்றிலேயே பழுதடையும். கொழும்பின் ஈரக்காற்றில் இத்தொல்லை குறைவு என்றாலும், குளிரூட்டிய அறையின் காற்று உலர்ந்தது. ஆகவே தொழினுட்பவியலாளர் மணிக்கட்டில் பட்டி அணிந்து தம்மை நிலத்தோடு இணைத்துக்கொள்கின்றனர். அந்தப் பட்டியின் கம்பியில் பத்து இலட்சம் ஓம் தடையொன்று உண்டு. தவறுதலாக 230 வோல்ற்றைத் தொட நேர்ந்தாலும், அதன் வழியே ஓடுவது ஓர் அம்பியரின் ஆயிரத்திலொரு பங்கில் காற்பங்குக்கும் குறைவு. தடை சில்லுக்காக வைக்கப்பட்டதன்று, அணிபவருக்காக. மின்வழங்கியைத் திறந்து வைத்துக்கொண்டு உயிருள்ள மின்னில் வேலை செய்வோர் அந்தப் பட்டியையும் கழற்றிவிட வேண்டும்.