அளந்தவர் ஒருவர், படித்தவர் யார்?

நடுவர் அவர்களே! எதிரணியில் பேசிய அம்மா ஒரே ஒரு பெயரைச் சொல்லிட்டு, வெற்றி வந்தாச்சுங்கிற மாதிரி உட்கார்ந்துட்டாங்க. கர்னல் காலின் மெக்கன்சி! "நம்ம ஊர் வரலாற்றைக் காப்பாத்தினது அதிகாரத்தில் இருந்தவங்கதான், எளியவங்க இல்லே" என்பது அவங்க வாதம். ரொம்ப நல்லது. அதே மெக்கன்சியை நானும் சாட்சிக்குக் கூப்பிடறேன். (சிரிப்பு)

1754-ல் ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் பிறந்தவர். 1783-ல் கும்பெனி வேலையாகச் சென்னைக்கு வந்தார். 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். நிலம் அளக்கப் போன இடமெல்லாம் ஊர்க்கதை கேட்டார், பழைய காசு சேர்த்தார், கல்வெட்டுகளைப் படியெடுக்க வைத்தார். 1821-ல் அவர் இறந்தபோது இருந்த கணக்கைக் கேளுங்க: கல்வெட்டுப் படிகள் 8,076, நாணயங்கள் 6,218, இலக்கியச் சுவடிகள் 1,568! அவர் மனைவியிடமிருந்து ஒரு லட்ச ரூபாய்க்கு அரசு வாங்கிக்கொண்டது.

மலைக்க வைக்கும் உழைப்புத்தான், மறுக்கலை. ஆனால் ஐயா, அந்த மனிதருக்கு நம்ம மொழிகளில் சுவடி படிக்கிற அளவுக்கு ஒண்ணுமே தெரியாது! அப்போ படிச்சது யாரு?

காவலி வெங்கட போரய்யா என்ற தெலுங்கு இளைஞர். அவருடைய பழக்கம் கிடைத்த பிறகுதான் இந்திய அறிவின் வாசலே தனக்குத் திறந்ததாக மெக்கன்சியே எழுதி வைத்திருக்கிறார். 1803-ல் இளம் வயதிலேயே போரய்யா போய்விட்டார். தம்பி லட்சுமய்யா அந்தச் சுமையைத் தோளில் ஏற்றினார். ஊர் ஊராக ஆட்கள் போனார்கள். கர்ணத்தின் வீட்டில், கோயில் திண்ணையில், பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதினார்கள். அந்த ஊர்க்கதைகளுக்குத்தான் கைபீது என்று பெயர். சொன்னவர் எளியவர், எழுதியவரும் எளியவர்! (கைதட்டல்)

இனிமேல்தான் நெஞ்சு கனக்கிற இடம். மெக்கன்சி போன பிறகு, "விட்ட வேலையை நான் தொடர்கிறேன்" என்று லட்சுமய்யா விண்ணப்பம் போட்டார். 1836-ல் கல்கத்தா ஆசியச் சங்கத்திலிருந்து என்ன பதில் வந்தது தெரியுமா? அவருக்கு மட்டுமல்ல, இந்தியர் யாருக்குமே இதற்குத் தகுதி போதாது என்கிற பொருளில் வந்தது! வரலாற்றைச் சுமந்து வந்தவனையே வாசலில் நிறுத்தினார்கள். அம்மா சொன்ன அதிகாரத்தின் லட்சணம் இதுதான், நடுவர் அவர்களே!

மெக்கன்சியை நான் குறைத்துப் பேசலை. பணம் கொடுத்தார், ஆள் அனுப்பினார், ஒரு துண்டுக் காகிதத்தையும் வீசாமல் காத்தார். அந்த நன்றி நமக்கு உண்டு. ஆனால் அந்தச் சுவடிகளில் ஒரு பகுதி இன்றைக்கும் சென்னையில், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அதைப் பிரித்தால் கேட்பது கர்னலின் குரல் இல்லை. பேர் தெரியாத ஒரு கிராமத்துக் கிழவரின் குரல்.

வீட்டுப் பரணில் தாத்தா எழுதிய நோட்டு ஏதாவது இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க தாய்மார்களே. அதுவும் ஒரு கைபீதுதான். (கைதட்டல்)