மாம்பலத்து ஏரியும் நகரசபையின் கணக்கும்

தியாகராய நகரில் பானகல் பூங்காவைச் சுற்றி நாள்தோறும் திரள்கின்ற ஜனங்களில், பட்டும் நகையும் வாங்குவதற்காகத் தாங்கள் நடந்து செல்லும் அந்தப் பிரதேசம் நூறு வருஷங்களுக்கு முன்பு ஏரியாகவும், ஏரியைச் சார்ந்த வயலும் தோப்புமாகவும் இருந்ததென்பதை அறிந்தவர்கள் சிலராகவே இருப்பர். நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வளைந்து, மாம்பலத்தைத் தழுவிக்கொண்டு சைதாப்பேட்டைப் பக்கமாக நீண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் 'லாங் டாங்க்' என்று தங்கள் படங்களில் எழுதி வைத்தனர். நீர் நிறைந்த மாதங்களில் வெள்ளைக்காரத் துரைகள் அதில் துடுப்புப் போட்டு விளையாடியதும் உண்டு.

நம் நாட்டு ஏரியின் சுபாவத்தைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். நான்கு புறமும் கட்டிய குளமன்று அது. தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை போட்டு, மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தடுத்து நிறுத்தி, வேண்டும்போது மதகைத் திறந்து வயலுக்கு விட்டு, மிஞ்சியதைக் கலிங்கின் வழியே அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ அனுப்பிவைக்கும் ஏற்பாடு அது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கடலைப் போல் பரந்து நிற்கும். சித்திரையில் போய்ப் பார்த்தாலோ, நடுவில் ஒரு குட்டை அளவு நீரும், வெடித்த வண்டலும், அதன் மேல் மேயும் நாலு மாடுகளுந்தான் கண்ணில் படும். எந்த மாதத்தில் வந்து பார்த்தார் என்பதைப் பொறுத்து ஓர் அதிகாரிக்கு அது நீர்நிலையாகவும் தோன்றும், வீணாய்க் கிடக்கும் நிலமாகவும் தோன்றும்.

சென்னையின் ஜனத்தொகை 1901-இல் ஐந்து லட்சத்து ஒன்பதாயிரம். 1921-இல் ஐந்து லட்சத்து இருபத்தாறாயிரம். இருபது வருஷங்களில் இவ்வளவு சொற்பமாகவே பெருகிய ஊருக்குப் புதுக் குடியிருப்பு எதற்கு என்று கேட்கலாம். நெருக்கடி தொகையில் இல்லை. ஜார்ஜ் டவுன் தெருக்களில் இருந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளில் குடும்பத்தின் மேல் குடும்பமாக ஜனங்கள் அடைந்து கிடந்ததையும், அங்கே நோய் தங்கி வளர்ந்ததையும் நகரசபை உறுப்பினர்கள் அறிந்தே இருந்தனர். லான்செஸ்டர் என்னும் ஆங்கில நகர அமைப்பு நிபுணர், சென்னை ராஜதானியின் நகரங்களை ஆராய்ந்து 1918-இல் ஒரு நூலே வெளியிட்டார். இரண்டு வருஷங்கள் கழித்து, 1920-இல், சென்னை நகர அமைப்புச் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டம் வகுத்த முறையை இன்று படித்தாலும் மதிப்பு உண்டாகிறது. நகரசபை ஒரு பகுதியைச் சீராக அமைக்கத் தீர்மானித்தால் அதை விளம்பரப்படுத்த வேண்டும். நிலச் சொந்தக்காரர்களின் ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும். சர்க்காரின் அங்கீகாரம் பெற வேண்டும். நஷ்டமடைந்தவருக்கு ஈடு தரவேண்டும். திட்டத்தால் நிலத்தின் மதிப்பு உயர்ந்து லாபம் அடைந்தவரிடம் அதில் ஒரு பங்கை வசூலிக்கவும் இடமுண்டு. சாலை, திறந்தவெளி, வடிகால் எல்லாம் பரிசீலனைக்கு உரியவையே. ஆனால் வடிகால் என்பது நீரை வெளியே அனுப்பும் வழி. நீர் எங்கே தங்கவேண்டும் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை.

அந்தக் கேள்வி எழாததற்குக் காரணம் குழாயென்றே எனக்குத் தோன்றுகிறது. 1872-இல் செங்குன்றத்து ஏரியிலிருந்து பட்டணத்துக்குத் தண்ணீர் வரத் தொடங்கியது. 1914-இல் கீழ்ப்பாக்கத்து நீரேற்று நிலையமும் ஏற்பட்டுவிட்டது. குடிநீர் எங்கோ தொலைவிலிருந்து வந்தபின், பக்கத்து ஏரி யாருக்கு வேண்டும்? அதன் ஆயக்கட்டு வயல்களோ மனைகளாக மாறக் காத்திருந்தன. தேங்கிய நீர் கொசுவையும் காய்ச்சலையும் பெருக்கும் என்பது அக்காலச் சுகாதார சாஸ்திரத்தின் முதல் பாடம். ஆகவே ஏரியை வற்றவைப்பது, வீட்டுக்கு வீடு, ஆரோக்கியத்துக்கு ஆரோக்கியம் என்று இரட்டை லாபமாகவே அந்தக் கணக்கில் விழுந்திருக்க வேண்டும். அவர்களை மூடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்ட கேள்விகளெல்லாம் நல்ல கேள்விகள்தாம்.

1923-க்கும் 1925-க்கும் இடையே, ஏரியை வற்றவைத்து, மாம்பலத்தில் புது நகரம் உருவாகியது. நடுவே ஒரு பூங்கா. அதிலிருந்து விரிந்து செல்லும் அகன்ற சாலைகள். தோட்டத்துக்கு இடம்விட்ட மனைகள். அப்போது முதன்மந்திரியாக இருந்தவர் பானகல் ராஜா. பூங்கா அவர் பெயரைப் பெற்றது. நகரசபையின் தலைமைப் பதவியை வகித்து, நீதிக் கட்சியின் தூண்களில் ஒருவராக விளங்கி, 1925-இல் காலமான சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் நகருக்கே அமைந்தது. உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை என்று அக்கட்சியின் பெருமக்கள் தெருதோறும் நிற்கிறார்கள். பாண்டி பஜாரும் ஏதோ புதுச்சேரிக் கடைத்தெரு என்று நினைக்கவேண்டாம். அது சௌந்தரபாண்டிய நாடாரின் பெயர் தேய்ந்து நின்ற மிச்சம். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், குமாஸ்தாக்களும் வக்கீல்களும் மாம்பலத்தில் வீடு கட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போய்வருவது எளிதாயிற்று. அந்த வருஷக் கணக்கில் நகரத்தின் ஜனத்தொகை ஆறு லட்சத்து நாற்பத்தேழாயிரம். நகரசபை எதிர்பார்த்தது நடந்தது.

எஞ்சிய நுங்கம்பாக்கத்து ஏரியும் தப்பவில்லை. சிறிது சிறிதாகத் தூர்ந்து, 1976-இல் அதன் மேல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பித் தியாகராய நகரின் ஊடே தெற்கு நோக்கிச் சென்று அடையாற்றில் கலக்கும் மாம்பலம் கால்வாயைப் பலர் சாக்கடையென்று மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறார்கள். ஏரி பிடித்துவைத்த மழையை ஏரி இல்லாமல் சுமக்க வேண்டிய பாரம் அதன் தலையில் விழுந்தது. பெருமழை பெய்த ராத்திரிக்கு மறுநாள் துரைசாமி சுரங்கப்பாதையின் வாயிலில் நின்று பாருங்கள். குறுக்கே கயிறு கட்டியிருக்கும். உள்ளே பழுப்பு நீர் சுவரின் பாதிவரை அசையாமல் நிற்கும். மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருப்பார்கள். 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தில் மாம்பலத்துத் தாழ்ந்த தெருக்களில் நீர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. மேற்கு மாம்பலத்தில் ஒரு சாலைக்கு இன்றும் 'லேக் வியூ ரோடு' என்றுதான் பெயர்.

இப்போதும் சென்னையின் தெற்கிலும் மேற்கிலும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கான திட்டங்கள் அதிகாரிகளின் மேஜைக்கு வருகின்றன. சாலையின் அகலம், பள்ளிக்கூடம், கழிவுநீர் என்று பழைய கேள்விகள் ஒழுங்காகவே கேட்கப்படுகின்றன. அங்கே மனை வாங்க எண்ணும் வாசகர் ஒன்று செய்யலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன், கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அந்த சர்வே எண்ணுக்கு நேரே, நிலத்தின் வகையைப் பதிந்துவைக்கும் அ-பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறதென்று பாருங்கள்; பிறகு, மனையைக் கார்த்திகை மாதத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.